ஒன்பது பேர் கேட்ட வார்த்தை

பட்டறைக்குச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். சம்பந்தி இருபது நிமிடம் தாமதமாக வந்தார். அந்த அரை மணி நேரமும் நான் உட்காரவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டார்கள். அதில் மூன்று கால்தான் தரையில் பட்டது. அந்த ஒரு வாரமாக ஆடுகிற எதைக் கண்டாலும் எனக்கு ஆகவில்லை.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை என் காரை இரண்டு நாளைக்கு வாங்கிக்கொண்டு போனார். என் மகளும் நான்கு வயதுப் பேத்தியும் கூடப் போனார்கள். திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது, "மாமா, ஸ்டீரிங் ஆடுது. பாத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான். நான் போய் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். ஆடியது. இறங்கிச் சுற்றி வந்தேன். இடது முன் சக்கரத்தின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு சிராய்ப்பு. பத்தொன்பது வருடமாக நான் ஓட்டுகிற வண்டி. ஒரு திருகு தளர்ந்ததில்லை. இவர் கையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறது, ஸ்டீரிங் ஆடுகிறது, சக்கரத்தில் சிராய்ப்பும் இருக்கிறது. முடிவு செய்வதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். என் மனைவி, தம்பி, தம்பி மனைவி, தங்கை, தங்கை கணவர், சம்பந்தி, சம்பந்தியம்மா, மகள், மாப்பிள்ளை. என்னையும் பேத்தியையும் சேர்க்காமல் ஒன்பது பேர்.

"வண்டிய எங்கயோ கொண்டுபோய் மோதிட்டு, தானா ஆடுதுன்னு சாவியக் குடுக்கிறது நல்ல குடும்பத்துல பொறந்தவங்க செய்யற வேலையில்ல" என்றேன்.

மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் ஜன்னல்களுக்கு அளவெடுக்கும் வேலை பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் எதுலயும் மோதல மாமா" என்றார். பாதித் தட்டில் எழுந்து போய்க் கையைக் கழுவினார். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். அவர் பின்னால் சம்பந்தி, சம்பந்தியம்மா. பேத்தியின் ஷூவை எடுக்க மகள் மட்டும் திரும்பி வந்தாள்.

"நான் பக்கத்து சீட்லதாம்பா உக்காந்திருந்தேன். எதுலயும் மோதல."

"நீ தூங்கியிருப்ப."

"தூங்கல. அவர்கிட்ட நீங்க சொன்னது தப்புன்னு சொல்ற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். பாப்பாவையும் அனுப்ப மாட்டேன்."

ஆறு நாள் போன் இல்லை. என் மனைவி தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒரு தடவை மட்டும் வாய் திறந்தாள். "உங்களுக்கு உங்க வார்த்தை பெருசு. எனக்கு என் பொண்ணு பெருசு. நடுவுல நான் என்ன செய்ய?" நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். சொன்ன சொல்லை மாற்றிப் பேசினவன் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பெயர் எடுத்ததில்லை. என் அப்பா எடுக்கவில்லை, நானும் எடுக்கப் போவதில்லை. ஆனால் பகல் முழுவதும் கை போனைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

ஏழாவது நாள் சம்பந்திதான் கூப்பிட்டார். அவர் பாத்திரக் கடை வைத்திருந்து மூடியவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒத்து வராது.

"சம்பந்தி, நீங்க ஒண்ணு சொல்றீங்க, என் பையன் ஒண்ணு சொல்றான். வண்டி என்ன சொல்லுதுன்னு யாரும் கேக்கல. மூணாவது ஆள்கிட்ட காட்டுவோம். ரெண்டு பேரும் நிப்போம். மோதின அடையாளம் இருந்தா நானே அவனக் கூட்டிட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்தறேன். இல்லன்னா?"

"இல்லன்னா நான் சொன்னதை எடுத்துக்கிறேன்" என்றேன். அப்படி ஒரு நிலை வராது என்ற தைரியத்தில் சொன்னது அது.

இரண்டு பேருக்கும் தெரியாத பட்டறையாகப் பார்த்துத்தான் அங்கே போனோம். அதை நடத்துகிறவர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தத் தெருவில் எல்லோரும் 'ஸ்பானர் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, படிக்கிற கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உள்ளே ஒரு நீளமான பள்ளம். வண்டியை அதன் மேல் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நின்று வேலை பார்ப்பார்கள். மேலே ஒரு மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்றது. நான் அதை எண்ண ஆரம்பித்து, விட்டு, மறுபடியும் எண்ணினேன்.

சம்பந்தி வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். "என்ன சம்பந்தி, தீர்ப்பு எழுதியாச்சா, நான் வரணுமா?" என்றார். நான் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அந்தம்மா காரில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக ஒரு அசை, பிறகு தன் பக்கமாக ஒரு இழு.

"இது மேலயே ஆடுதே சார். முதல்ல இந்த மூடியத் திறந்து..."

"கீழயிருந்து பாருங்க" என்றேன். "இடிச்ச அடையாளம் கீழதான் இருக்கும்."

"மேல ரெண்டு நிமிஷ வேலை சார்."

"கீழ பாத்துட்டு மேல வாங்கம்மா. நான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். "வைத்தியத்தையும் நீங்களே சொல்லிட்டீங்கன்னா எனக்கு எதுக்கு பட்டறை?" என்று சொல்லிக்கொண்டே டார்ச்சை எடுத்தார். "சரி, கீழயே போவோம். ஆனா இதுக்கு ரெண்டு ஆள் வேணும். எங்கிட்ட வேலை பாக்கறவர் இன்னிக்கு லீவு. ஒருத்தர் மேல உக்காந்து ஸ்டீரிங்க ஆட்டணும். ஒருத்தர் கீழ வந்து டார்ச் அடிக்கணும். யாரு எதுக்கு?"

"மேல அவர்தான்" என்றார் சம்பந்தி. "கீழ இறங்கறது எங்க குடும்பத்துக்குப் பழக்கம்தானே இப்ப."

சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையோடு பள்ளத்துக்குள் இறங்கினார். எனக்குச் சுருக்கென்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். சக்கரம் திரும்பக் கூடாது. ஸ்டீரிங்கை இடது பக்கம் இரண்டு விரல், வலது பக்கம் இரண்டு விரல் அளவு மட்டும் விடாமல் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த மூட்டில் தளர்ச்சி இருக்கிறதோ அங்கே அசைவு தங்கிவிடும், அடுத்ததற்குப் போகாது என்று அந்தம்மா சொன்னார். நான் அசைத்தேன். இடது, வலது. இடது, வலது. ஒவ்வொரு தடவையும் என் கைக்குள் லேசாக 'டொக்' என்று ஒரு உணர்வு. முதுகை நேராக வைத்துக்கொண்டு, எதிரே சுவரில் தொங்கிய போன மாதத்துக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு அசைத்தேன். கீழேயிருந்து இரண்டு பேரின் குரல் மட்டும் வந்தது.

"இதென்னம்மா, முட்டி மாதிரி இருக்கு?"

"முட்டிதான் சார். சக்கரத்தைத் தள்ற கம்பியோட முனை. விரல் வச்சுப் பாருங்க. ஏதாவது ஆடுதா?"

"சாமி சத்தியமா ஆடல."

"அந்தப் பக்கம்?"

"ஆடல."

"சார், நிறுத்தாதீங்க!" அது எனக்கு. நான் நிறுத்தியிருந்தேன் போலிருக்கிறது.

கால் மணி நேரம் ஆயிற்று. என் தோள்பட்டை கடுத்தது. ஒவ்வொரு 'ஆடல'வும் மேலே வந்து என் காதில் விழுந்தது. இன்னும் இருக்கிறது, அடுத்ததில் இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். குறுக்கே போகிற ஸ்டீரிங் பெட்டியைப் பார்த்தார்கள். அது இறுக்கமாக இருந்தது. ஸ்டீரிங் தண்டு கீழே வந்து சேருகிற மூட்டைப் பார்த்தார்கள். அதுவும் அப்படியே.

"சார், இறங்கி வாங்க. உங்க கண்ணாலயே பாருங்க" என்று அந்தம்மா கூப்பிட்டார்.

இறங்கினேன். படி எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. சம்பந்தி கை நீட்டினார். பிடிக்காமல் இறங்கினேன்.

"வண்டிய மோதியிருந்தா இந்த இரும்பு வளையணும்" என்று அந்தம்மா சொல்லச் சொல்லச் சம்பந்தி டார்ச் ஒளியை ஓட்டினார். "ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. எதுவும் வளையல, எதுவும் பெயரல. கீழ ஒரு அடியும் படல சார்."

"சக்கரத்துல சிராய்ப்பு இருக்கே?"

"பாத்தேன். அது ஓரக்கல்லுல உரசினது. நிறுத்தும்போது எல்லாருக்கும் படறதுதான். ஆனா அதுல துரு ஏறியிருக்கு. ரெண்டு வாரத்துல இவ்வளவு துரு ஏறாது. நாலஞ்சு மாசமாவது இருக்கும்."

நாலைந்து மாதத்துக்கு முன்னால் இந்த வண்டியை என்னைத் தவிர வேறு யாரும் தொடவில்லை. சம்பந்திக்கும் அது தெரியும். அவர் கையிலிருந்த டார்ச்சை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்தார்.

"மேல போலாமா இப்ப?" என்றார் அந்தம்மா.

மேலே வந்தோம். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீரிங் நடுவில் இருக்கும் ஹாரன் மூடியைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். 'பட்' என்று கழன்றது. உள்ளே ஒரு தண்டின் முனை, அதைச் சுற்றிப் பல் பல்லாக வரி, அதன் மேல் ஒரு பெரிய நட்டு. அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் திருகினார். நட்டு பேனா மூடி போலச் சுற்றி வந்தது.

"அய்யோ" என்றார் மெதுவாக.

"என்னம்மா?" என்றார் சம்பந்தி.

"விரலாலயே சுத்துது சார். உள்ள ஸ்பிரிங் வாஷர் ஒண்ணு இருக்கணும், அதுவும் இல்ல. இந்த நட்டுதான் ஸ்டீரிங்க தண்டோட புடிச்சு வைக்குது. யாரோ கழட்டியிருக்காங்க, திரும்பக் கையால மட்டும் திருகி மூடிட்டாங்க. ஓட்ட ஓட்டத் தானா கழண்டுக்கிட்டே வந்திருக்கு. இன்னும் மூணு சுத்துதான் பாக்கி. அப்புறம் வளைவுல திருப்பினா வீல் மட்டும் கையோட வந்துரும், வண்டி நேரா போயிரும்."

சம்பந்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு அந்த நிமிடம்தான் நான் பார்த்து முதல் தடவையாக முழுதும் போனது.

"பாப்பா இருந்தாளே உள்ள" என்றார்.

மின்விசிறி 'டக்' என்றது.

எனக்கு அந்த வாஷர் எங்கே இருக்கிறது என்று தெரியும். எங்கள் வீட்டு அலமாரியில், ஊசி நூல் வைக்கிற தகர டப்பாவில் இருக்கிறது. என் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து எடுத்து, "இது என்னங்க வளையம்?" என்று மனைவி கேட்டாள். "எதுவோ, எடுத்து வை" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னவன் நான்.

மூன்று மாதம் முன்னால் சக்கரங்களை நேர் பண்ணக் கொடுத்திருந்தேன். கடைக்காரன் வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தான். ஆனால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் மட்டும் ஒரு விரல் அளவு இடது பக்கம் சாய்ந்து நின்றது. முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்தவன் நான். கோடு கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. திரும்பப் போய்க் கேட்பதற்கு வெட்கம், இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்பான். ஒரு நாள் மதியம் நானே ஷெட்டில் உட்கார்ந்து மூடியைத் திறந்து, நட்டைக் கழற்றி, ஸ்டீரிங்கை ஒரு பல் தள்ளி மாட்டினேன். நட்டைக் கையால் திருகினேன். கதவில் மாட்டி வைத்திருந்த என் சட்டையின் பையில் வாஷரைப் போட்டிருந்தேன். அதைப் போட்டு, ஸ்பானரால் இறுக்குவதுதான் பாக்கி.

அப்போது வாசலில் சம்பந்தி வீட்டார் குரல் கேட்டது. போன் பண்ணாமல் வந்திருந்தார்கள். நான் பனியனோடு, மணிக்கட்டு வரை கிரீஸோடு, ஸ்டீரிங் மேல் குனிந்து கிடந்தேன். பெண்ணைக் கொடுத்த இடத்து மனிதர்கள் முன்னால் இந்தக் கோலத்தில் நிற்பதா? மூடியை ஒரு குத்துக் குத்தி அடைத்தேன். பின்வாசல் வழியாகப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவி, வேறு சட்டை போட்டு, தலை சீவி, கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "வாங்க சம்பந்தி" என்றேன். அவர்கள் போவதற்கு ராத்திரி ஆகிவிட்டது. பிறகு எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. ஒரு நாள் கூட வரவில்லை.

"கடைசியா இதத் திறந்தது யாரு சார்?" என்று அந்தம்மா கேட்டார்.

என் வாய் திறப்பதற்குள் சம்பந்தியே சொன்னார். "மூணு மாசம் முன்னாடி சக்கரம் நேர் பண்ணக் குடுத்தேன்னு சொன்னீங்களே சம்பந்தி? அவன்தான்! அந்தப் பாவி வேலைதான்!"

அவர் எனக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டார் என்று உடனே புரிந்தது. மாப்பிள்ளை குற்றவாளி இல்லை, நானும் இல்லை. மூன்றாவது ஒருவன். ஒன்பது பேருக்கும் சொல்லலாம், யார் முகமும் தொங்க வேண்டாம்.

"இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. சம்பந்தி அங்கேயே போனை எடுத்துவிட்டார். "டேய், மாமா ஒத்துக்கிட்டார்டா. நீ மோதல. ஆமாடா, என் பக்கத்துலதான் நிக்கறார். அந்த அலைன்மென்ட் கடைக்காரன் நட்ட இறுக்காம விட்டிருக்கான்... ஆமா, அவகிட்டயும் சொல்லு." போனைப் பையில் வைத்துக்கொண்டே என் தோளைத் தொட்டார். "முடிஞ்சுது சம்பந்தி. வாங்க, வண்டிய இவங்க சரி பண்ணட்டும். நாம போய் அவன நாலு கேள்வி கேட்டுட்டு வருவோம். கடை எங்க? தெருவுல நிறுத்திக் கேக்கணும். பச்சப் புள்ள உயிரோட விளையாடியிருக்கான்!"

அந்தம்மா நட்டைத் துணியால் துடைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எந்தக் கடை சார்?"

சொன்னேன்.

"அவன எனக்குத் தெரியும். வாய் துடுக்கு, ஆனா வேலை சுத்தம்." நட்டை என் பக்கம் நீட்டினார். "முனையெல்லாம் கடிபட்டிருக்கு பாருங்க. இது வாய் அகலத்த மாத்தற ஸ்பானர் வச்சுத் திறந்தது. பட்டறைக்காரன் அதக் கையால தொட மாட்டான். வீட்டுல வச்சிருப்பாங்க."

"எங்க வீட்டுல ஸ்குரூ டிரைவர் வேணும்னாலே பக்கத்து வீட்டுக் கதவத்தான் தட்டணும்" என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். "வாங்க, வெயில் ஏறறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்."

நான் நகரவில்லை. ஒரு வாரத்தில் இரண்டாவது ஆள். முதல் ஆளைச் சாப்பாட்டில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். இவனைத் தெருவில் நிறுத்திக் கேட்கப் போகிறோம். அவனுக்கும் மாமனார் வீடு இருக்கும், அவனைக் கடையில் பார்த்துக்கொண்டு நிற்க நாலு பேர் இருப்பார்கள்.

"சம்பந்தி, நில்லுங்க" என்றேன்.

"என்ன?"

"அவன் திறக்கல. நான்தான் திறந்தேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் விளையாடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். முழுவதையும் சொன்னேன். ஸ்டீரிங் கோணல், ஷெட், வாஷர், அவர்கள் வந்தது, நான் கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சொல்லும்போது முதுகை நேராகவே வைத்திருந்தேன். அதை வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பி என் எதிரே வந்து நின்றார். பிறகு, "நாங்க வந்த அன்னிக்கா?" என்றார்.

"ஆமா."

"கையக் கழுவாம அப்படியே வெளிய வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நானும் உக்காந்து ஒரு பக்கம் புடிச்சிருப்பேனே!" குரல் ஏறியது. "நாப்பது வருஷம் ஈயச் சட்டி தூக்கின கை இது. உங்க கையில கிரீஸ் இருந்தா நாங்க என்ன, பொண்ணத் திருப்பி அனுப்பியிருப்போமா?"

"எனக்கு அப்பத் தோணல."

"நல்ல குடும்பத்துல பொறக்காதவன்னு சொன்னீங்க என் பையன."

"சொன்னேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. அப்படியே சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். "போன்ல நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் கடைசியில். "அத நான் மாத்த மாட்டேன். நீங்களே போய்ச் சொன்னா சொல்லுங்க. வேணாம்னா விடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் கீழ டார்ச் அடிச்சுட்டிருந்தேன்."

அந்தம்மா இதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஸ்டீரிங்கைக் கழற்றி, பல் வரிகளை மண்ணெண்ணெய் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்தார். ஒன்றும் தேயவில்லை என்று ஒவ்வொரு பல்லாக நகத்தால் தடவிப் பார்த்தார். சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீரிங்கைப் பொருத்தி, புது வாஷரும் புது நட்டும் போட்டார். "சார், வீலக் கெட்டியாப் புடிங்க. ஸ்டீரிங் பூட்டு மேல பாரம் விழக் கூடாது." நான் பிடித்தேன். நீளமான ஒரு ஸ்பானரை மாட்டி மெதுவாக இழுத்தார். என் கை வரை அந்த இறுக்கம் வந்தது. ஓர் இடத்தில் ஸ்பானர் 'கிளிக்' என்றது. "அவ்வளவுதான். இந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் இழுக்கணும். கேட்டப்புறம் இழுக்கக் கூடாது." நட்டிலிருந்து தண்டுக்குக் குறுக்கே மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். தளர்ந்தால் கோடு விலகும், பார்த்தாலே தெரியும் என்றார். மூடியை அடைத்து ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். நான் திடுக்கிட்டுப் போனேன்.

மகள் வீட்டுக்கு நானே ஓட்டினேன். சம்பந்தி பக்கத்தில் ஜன்னலுக்கு மேலிருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்டீரிங் கல் போல நின்றது. மனம்தான் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும், இந்த இடத்தில் கழன்றிருந்தால், இந்த லாரி எதிரே வந்திருந்தால் என்று ஓடியது. இருபது நிமிட வழியில் மூன்று தடவை ஓரமாக நிறுத்தினேன். மூன்று தடவையும் சம்பந்தி ஏன் என்று கேட்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடறேன்" என்றேன். "ஒன்பது பேர் முன்னாடி சொன்னது. அதே ஒன்பது பேர் முன்னாடி எடுத்துக்கிறேன். அதுதான் முறை."

"முதல்ல ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க" என்றார் அவர்.

அவர்களும் சம்பந்தியும் ஒன்றாகக் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மணியை அடிப்பதற்குள் கதவு திறந்தது. மகள். படியில் எங்கள் காலடி கேட்டிருக்கிறாள். ஒரு வாரமாக நான் பார்க்காத முகம், சிரித்துக்கொண்டிருந்தது.

"வாங்கப்பா! மாமா எல்லாம் சொன்னார். அந்தக் கடைக்காரன் செஞ்ச வேலைக்கு நாம வீணா... உள்ள வாங்க, ஏன் நிக்கறீங்க?"

அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார். அளவு டேப் கையில் இருந்தது. ஏதோ அளந்துகொண்டிருந்தவர் போல. அவரும் லேசாகத் தலையசைத்தார். "வாங்க மாமா."

அந்த 'வாங்க' வேறு ஒரு ஆளுக்குச் சொன்னது. தப்பே செய்யாத ஒரு ஆளுக்கு. உள்ளே போனால் நான் அந்த ஆளாகவே இருந்துவிடலாம். சம்பந்தி எனக்குப் பின்னால் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் சொல்லமாட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"கடைக்காரன் இல்ல" என்றேன். "நட்டக் கழட்டினது நான். இறுக்காம மூடினதும் நான். மறந்துட்டு, அந்த வண்டியத்தான் உங்க மூணு பேருக்கும் குடுத்தேன். நீங்க எதுலயும் மோதல மாப்பிள்ளை. சக்கரத்துல இருக்கற சிராய்ப்பும் என்னோடதுதான். நான் உங்களப் பத்திச் சொன்னது பொய்."

மகளின் முகம் எப்படி மாறியது என்று நான் எழுதப் போவதில்லை. அவள் திரும்பி உள்ளே போனாள்.

மாப்பிள்ளை டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு தடவையும் 'சரக்'கென்று உள்ளே போனது.

"எத்தன சுத்து பாக்கி இருந்துச்சு?"

"மூணு."

"நாங்க திரும்பி வரும்போது மலை இறக்கம். பதினோரு வளைவு. நான் எண்ணிக்கிட்டே வந்தேன். கை வேர்த்து வேர்த்து வழுக்குச்சு. அவகிட்ட சொல்லல, பயந்துருவான்னு." டேப்பை நிறுத்தினார். "வண்டிய எப்படியாவது உங்ககிட்ட கொண்டு வந்து சேத்துட்டோம்னு நினைச்சேன் மாமா. அதுக்குத்தான் அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னீங்க."

 வழியில் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை அந்த ஒன்பது பேரையும் கூப்பிட்டு வச்சு, எல்லார் முன்னாடியும் இதச் சொல்றேன்."

"வேணாம்."

"நான் சொன்னது எல்லார் முன்னாடியும்..."

"திரும்பவும் அந்த சபைல என்னக் கொண்டுபோய் உக்கார வைக்காதீங்க. ஒரு தடவ போதும்." குரலை உயர்த்தவில்லை. "நான், அவ, அப்பா, எங்க மூணு பேர விட்டா மிச்சம் ஆறு பேரு. ஒவ்வொருத்தருக்கா நீங்களே சொல்லுங்க. எங்கம்மாவுக்கும்தான். அவங்க உள்ளதான் இருக்காங்க. நான் இல்லாதப்ப சொல்லுங்க."

ஆறு பேர். தம்பிக்கு. தம்பி மனைவிக்கு. தங்கைக்கு. என்னை ஒரு தடவை கூட எதிர்த்துப் பேசியிராத தங்கை கணவருக்கு. தனித் தனியாக, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. எழுந்து நின்று சபையில் ஒரு தடவை சொல்லிவிட்டு உட்காருவதைத்தான் நான் நினைத்து வைத்திருந்தேன். அதில் கூட எனக்கு ஒரு மரியாதை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"சரி" என்றேன்.

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. 'வாங்க' என்றும் சொல்லவில்லை. சம்பந்தி என்னைத் தாண்டிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

யாரும் கூப்பிடாத வீட்டுக்குள் எழுபத்தொரு வயது வரை நான் கால் வைத்ததில்லை. படிக்கட்டில் மேல் வீட்டுக்காரர் ஒருவர் காய்கறிப் பையோடு ஏறி வந்தார். என்னைப் பார்த்து, திறந்திருந்த கதவைப் பார்த்து, விலகிப் போனார். கீழே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. நான் ஒரு காலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தேன். பிறகு செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றேன். நாற்காலி இருந்தது. உட்காரவில்லை.

சமையலறையில் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் வேகமாக வந்தது. அது நின்றது. அவள் திரும்பவில்லை.

"பாப்பா தூங்கறா" என்றாள். "அத்தை பின்னாடி பால்கனில துணி மடிக்கறாங்க. அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க. மெதுவாப் பேசுங்க."

நான் பால்கனிப் பக்கம் நடந்தேன்.